கட்டம் போட்ட புடவையும் பதினாறு எம்.பி.யும்

போன வாரம் ஆபீஸ்ல புது ஆணி ஒண்ணு தலையில விழுந்துச்சு. புதுசா சேர்ந்த பசங்களுக்கு ஆன்லைன்ல பாடம் எடுக்கணும், அதைப் பதிவும் பண்ணி வைப்பாங்களாம். கூடவே ஒரு மின்னஞ்சல்: கோடு போட்ட சட்டை வேண்டாம், கட்டம் வேண்டாம், வெள்ளை வேண்டாம், பச்சை வேண்டவே வேண்டாம், ஒற்றை நிறம் நல்லது. ஏன்னு ஒரு வரி கூட இல்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்தப் பாடத்தை எல்லாம் நான் 2020லேயே எங்க அம்மாகிட்ட படிச்சாச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

அம்மா கல்வராயன் மலையில அரசுப் பள்ளி ஆசிரியை. கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம், அப்புறம் மலை ஏறி கரியாலூர், வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர். மூணாங்கிளாஸ். 2020 மார்ச்சுல பள்ளிக்கூடத்தை மூடினாங்க. நான் பெங்களூர்ல இருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து, மேல சட்டை கீழ லுங்கின்னு பொட்டி தட்டிக்கிட்டிருந்தேன்.

2019 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச கல்வித் தொலைக்காட்சி அப்போ நெஜமாவே கைகொடுத்தது. ஆனா அது மாநிலத்துக்கே பொதுவான பாடம். அம்மாவுக்கு அவங்க பசங்க முப்பது பேரும் எங்கே விட்டாங்களோ அங்கே இருந்து தொடரணும். மலையில நேரலை வகுப்பு நடக்கிற காரியமா? பாதி வீட்டுல போனே கிடையாது. இருக்கிற வீட்டுலயும் அப்பா வேலைக்குப் போனா போனும் கூடவே போயிடும். சிக்னல் வேணும்னா மேட்டுக்கு ஏறணும். அதனால வீடியோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பறதுன்னு முடிவாச்சு. ஒளிப்பதிவு அடியேன்.

முதல் நாள் அம்மா பீரோவைத் திறந்து அரக்குப் பட்டுப் புடவையை எடுத்தாங்க. "என்னம்மா, யாருக்குக் கல்யாணம்?"னு கேட்டா, "டிவியில வர்றவங்கல்லாம் நல்லதாத்தான்டா கட்டறாங்க"ங்கறாங்க. தப்பு சொல்ல முடியாது. நம்ம ஊர்ல காமிரான்னா அம்மா தலைமுறைக்கு முதல்ல ஞாபகம் வர்றது தூர்தர்ஷன். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சது. ஷோபனா ரவி செய்தி வாசிக்க வந்தா, செய்தியைக் கேட்டவங்களை விட புடவையைப் பார்த்தவங்க அதிகம்னு எங்க பெரியம்மா இன்னிக்கும் சொல்வாங்க. டில்லியில சல்மா சுல்தான் காதோரம் செருகின ரோஜாவும் அந்த மாதிரிதான்.

இதுக்கும் முன்னாடி போனா இன்னும் தமாஷ். 1926ல பி.பி.சி. வானொலி அறிவிப்பாளர்கள் சாயங்காலத்துல விருந்துக்குப் போற கோட்டு மாட்டிக்கிட்டுதான் மைக் முன்னாடி உக்காரணும்னு ஏற்பாடு. வானொலிங்க! யாரு பார்க்கப்போறா? அடுத்தது ஜான் லோகி பேர்டோட முப்பது கோடு டெலிவிஷன். முப்பதே கோட்டுல ஒரு முகம். அதுல மூக்கும் வாயும் தெரியணும்னா முகத்துக்கு வெள்ளைப் பூச்சு, உதட்டுக்கும் புருவத்துக்கும் கருநீலம். நேர்ல பார்த்தா கூத்துக்கு வேஷம் கட்டின மாதிரி இருந்திருக்கும். மெஷினுக்குக் கண்ணு சரியில்லை, மனுஷன் மூஞ்சியை மாத்திக்கிட்டான். அந்த மின்னஞ்சல்ல இருந்த விதியெல்லாம் இந்தப் பரம்பரைதான்.

வெள்ளைச் சட்டையை எடுத்துக்குங்க. காமிரா தானா வெளிச்சத்தை அளந்து சரி பண்ணிக்கும்போது, வெள்ளை நிறைய இருந்தா "ஆகா, ரொம்ப வெளிச்சம்"னு மொத்தத்தையும் குறைச்சுடும். வெள்ளைக்காரன் மூஞ்சிக்கு அதனால பெரிய நஷ்டம் இல்லை. நம்ம மூஞ்சி இருட்டுல போயிடும். இது தற்செயல் மட்டும் இல்லை. கோடாக் கம்பெனி படம் கழுவற கடைகளுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பின அட்டைக்கு ஷெர்லி அட்டைன்னு பேரு. அதுல பல வருஷம் வெள்ளைக்காரப் பொண்ணு படம் மட்டும்தான். அவ தோல் சரியா வந்தா எல்லாம் சரின்னு அர்த்தம். கறுப்பு, பழுப்புத் தோலெல்லாம் கணக்குலயே பல காலம் கழிச்சுதான் வந்தது. வெள்ளை வேட்டி சட்டையில மேடையேறின நம்ம ஊர்ப் பெருசுங்க பழைய வீடியோவுல கறுப்புப் பொம்மையா தெரியறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பச்சை வேண்டாங்கறது, பின்னணியை வெட்டி வேற படம் ஒட்டற குரோமா வித்தைக்காக. முன்னாடி நீலத் திரை அதிகம். டிஜிட்டல் காமிரா வந்ததும் பச்சை முந்திக்கிச்சு, ஏன்னா கோடாக்ல வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976ல காப்புரிமை வாங்கின வடிகட்டியில பச்சைக்குத்தான் ரெண்டு மடங்கு இடம். பச்சைப் புடவை கட்டிக்கிட்டு அது முன்னாடி நின்னா தலையும் கையும் மட்டும் பாடம் நடத்தும் :-)

டிவியில பாடம் நடத்தினவங்க என்ன உடுத்தினாங்கன்னா, பிரிட்டன்ல திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில பி.பி.சி.யில பாடம் ஆரம்பிச்சது. தாடி, அகலமான டை, பெரிய காலர் சட்டை. அதே பாடத்தை வருஷக்கணக்கா மறு ஒளிபரப்பு செஞ்சதால, ஃபேஷன் போன பிறகும் அந்த டை போகலை. கேலி பண்றவங்களுக்குத் தீனி. நம்ம ஊர்ல யு.ஜி.சி. 1984ல இருந்து தூர்தர்ஷன்ல நடத்தினது. அப்புறம் 2003ல ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.ஸி.யும் சேர்ந்து ஆரம்பிச்ச என்பிடெல். பொறியியல் படிச்ச நம்ம ஆளுங்க பாதிப் பேரு செமஸ்டருக்கு முந்தின ராத்திரி அதைப் பார்த்துப் பாஸ் பண்ணவங்கதானே! காலேஜுக்கு எப்படி வருவாரோ அப்படியே வந்து எழுதிட்டுப் போற பேராசிரியர்கள். கடைசியா சல்மான் கான். 2006ல யூட்யூபுக்கு வந்தவர், கறுப்புத் திரையில கையெழுத்தும் குரலும் மட்டும். சட்டைப் பிரச்சனையே கிடையாது, புத்திசாலி.

சரி, அம்மா கதைக்கு வருவோம்.

பட்டுப் புடவை வீடியோ போச்சு. ஜரிகை மினுமினுன்னு மின்னினது தவிர பெரிய குறை இல்லைன்னு நான் நினைச்சேன். மறுநாள் மலையில இருந்து ஒரு அப்பா மேட்டுக்கு ஏறிப் போன் பண்ணாரு. "டீச்சர், புள்ள பாக்க மாட்டேங்குது. இது எங்க டீச்சர் இல்ல, டிவி டீச்சருன்னு சொல்லுது."

அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. மூணாங்கிளாஸ் புள்ளைங்க பல பேரு வீட்டுல படிச்ச முதல் தலைமுறை. ஒரு தடவை விட்டுப்போனா ஆடு மாட்டோட போயிடும், கொஞ்சம் வளர்ந்ததுன்னா பெத்தவங்களோட வெளியூர் வேலைக்குப் போயிடும், அப்புறம் திரும்பக் கூட்டிட்டு வர்றது எவ்வளவு கஷ்டம்னு அவங்களுக்குத் தெரியும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி கட்டிக்கிட்டுப் போற கட்டம் போட்ட காட்டன் புடவையை எடுத்தாங்க. நீலமும் வெள்ளையும், பொடிக் கட்டம்.

எடுத்துப் பார்த்தா புடவை முழுக்க அலை அலையா நெளியுது. தறியில நெய்த கட்டமும் காமிராவோட புள்ளிக் கட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும்போது, ரெண்டுலயும் இல்லாத மூணாவது ஒரு கோலம் உண்டாகும். மோய்ரேன்னு பேரு. வேடிக்கை என்னன்னா, அது முதல்ல தண்ணி அலை மாதிரி தெரியற பட்டுத்துணிக்கு ஃபிரெஞ்சுக்காரங்க சொன்ன பேரு. துணியில இருந்து காமிராவுக்குப் போன வார்த்தை.

அதை விடப் பெரிய வில்லன் வாட்ஸப். அப்போ வீடியோவுக்கு 16 எம்.பி.தான் எல்லை. பத்து நிமிஷப் பாடத்தை அதுல அடைச்சா வினாடிக்கு இருநூத்திச் சொச்சம் கிலோபிட். வீடியோவைச் சுருக்கற நிரல் படத்தைச் சின்னச் சின்னச் சதுரமா வெட்டி, முந்தின படத்துல இருந்து என்ன மாறுச்சுன்னு மட்டும் எழுதி வைக்கும். ஒற்றை நிறத் துணின்னா எழுத ஒண்ணும் இருக்காது. பொடிக் கட்டம்னா அம்மா மூச்சு விட்டாலே ஆயிரம் மாற்றம். இருக்கிற பிட்டை எல்லாம் புடவையே தின்னுடும். முகமும் பலகையில எழுதின எழுத்தும் பட்டினி. "ற"வுக்கும் "ர"வுக்கும் வித்தியாசம் தெரியலை.

"அந்த ஊதாப் புடவை, டிசைன் இல்லாதது, அதைக் கட்டுங்கம்மா"ன்னேன். அது யாரோ குடுத்தது, பள்ளிக்கூடத்துக்குக் கட்டினதே இல்லையாம். தமிழ்நாடு அரசு 2019ல போட்ட உடை உத்தரவுப்படி பெண் ஊழியர்கள் துப்பட்டாவோட சுடிதாரும் போடலாம், அதாவது போட்டா பிரச்சனை முடிஞ்சுதுன்னு நான் அதிமேதாவித்தனமா ஒரு யோசனை சொன்னேன். முறைச்சாங்க.

"டேய், அதுங்களுக்கு என்னை இதுலதான்டா தெரியும். உன் பொட்டிக்குப் பிடிக்கலைன்னா உன் பொட்டியை மாத்து."

எனக்கு ரோஷம் வந்துருச்சு. ரெண்டு நாள் ஆபீஸ் வேலையை ஓரங்கட்டிட்டு இதுலயே உக்கார்ந்தேன். மோய்ரேங்கறது கட்டத்தோட அளவும் புள்ளியோட அளவும் கிட்டத்தட்ட ஒண்ணா வரும்போதுதானே பாடாப்படுத்தும்? அப்போ புடவையை மாத்த வேண்டாம், தூரத்தை மாத்தினா போதும். போனை ரெண்டடி முன்னாடி நகர்த்தினேன். கட்டம் பெருசாச்சு, நெளியறது நின்னுச்சு. ஆனா கரும்பலகை படத்துக்கு வெளியே போயிடுச்சு. அதுக்கு அம்மாவே வழி கண்டுபிடிச்சாங்க. மடியில சிலேட்டு. ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு எழுத்து, பெருசா. சிலேட்டு புடவையில பாதியை மறைச்சதுல பிட்டும் மிச்சம். பத்து நிமிஷத்தை மூணு நிமிஷத் துண்டா வெட்டினோம். பேர் கூப்பிட்டு ஆரம்பிக்கறது அம்மாவோட ஏற்பாடு.

நாலாவது நாள் அதே அப்பா ஒரு குரல் பதிவு அனுப்பினாரு. பின்னால கோழிச் சத்தம், காத்துச் சத்தம். அம்மாவோட குரல் போன்ல ஒரு பேரு கூப்பிடுது. கொஞ்சம் தள்ளி ஒரு பொண்ணு கத்துது, "உள்ளேன் டீச்சர்!"

1ல இருந்து 8 வரைக்கும் பள்ளிகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ல. அதுவரைக்கும் அந்தப் புடவையும் இன்னும் மூணு பள்ளிக்கூடப் புடவையும்தான் மாறி மாறி வந்துச்சு. நீலக் கட்டம் இப்ப வெளுத்துப் போய் வீட்டுல கட்டற புடவை ஆயிடுச்சு.

சனிக்கிழமை என் ரெக்கார்டிங். என்கிட்ட இருக்கிற ஏழு சட்டையில அஞ்சு கட்டம் போட்டது. ட்ரைபாடை எங்கே வெச்சேன்னு தேடிக்கிட்டிருக்கேன்.