நோகும் முழங்காலும் முறியும் எலும்பும்



என் பாட்டியார் பல ஆண்டுகள் முழங்கால் வலியால் வருந்தியவர். பருத்த உடலினர். "முழங்கால்தான் தேய்ந்தது, எலும்பு இரும்பு" என்று வீட்டில் எல்லோரும் சொல்லுவோம். ஒருநாள் முற்றத்து ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பருகே தொடை எலும்பு முறிந்தது. எங்கள் நம்பிக்கை எங்கே பிழைத்தது? அதனை நான் மருத்துவ வரலாற்றில் தேடினேன், கண்டதைச் சொல்கிறேன்.

முதுமையில் எலும்பு உள்ளே நலிந்து, சிறு அதிர்ச்சிக்கும் முறிவது எலும்புப்புரை. மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பின் ஓரங்களில் முட்கள் வளர்வது மூட்டுத் தேய்வு. 1822இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், முதியோரின் தொடை எலும்பு எளிதில் முறிவதற்கு எலும்பின் நலிவே காரணம் என விளக்கினார். 1941இல் பாஸ்டன் நகரத்து ஃபுல்லர் ஆல்பிரைட், மாதவிடாய் நின்ற பெண்டிரிடம் இந்நோய் மிகுவதை எடுத்துரைத்தார். மூட்டுத் தேய்வையோ, 1957இல் கெல்கிரென், லாரன்ஸ் என்னும் இருவர் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு 0 முதல் 4 வரை படிப்படியாக வகுத்தனர். இவ்வாறு இரு நோய்களும் தனித்தனியே ஆராயப்பட்டன.

1972இல் ஃபாஸ், பையர்ஸ் என்னும் ஆய்வாளர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். தொடை எலும்பின் கழுத்து முறிந்தவர்களிடம் இடுப்பு மூட்டுத் தேய்வு அரிதாகவே இருந்தது. ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று இராதோ என்ற ஐயம் பிறந்தது. அக்காலத்திலேயே எரிக் ரேடின், குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பு இறுகினால் அதிர்ச்சியைத் தாங்கும் சுமை குருத்தெலும்பின்மேல் விழும் என்று கருதினார்.

முழங்காலைப் பற்றிய சான்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரிலிருந்து வந்தது. அங்கே 1948இல் இருதய நோய்க்கெனத் தொடங்கிய ஆய்வில், முழங்கால் தேய்வு தொடங்கிய பெண்டிரின் தொடை எலும்பு அடர்த்தி மிகுந்திருந்ததை 1993இல் வெளியிட்டனர். 2000இல் வந்த முடிவு இன்னும் நுட்பமானது: எலும்பு அடர்ந்த பெண்டிருக்குத் தேய்வு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு மிகுதி, ஆனால் தோன்றியபின் அது முற்றும் வாய்ப்புக் குறைவு.

அப்படியானால் என் பாட்டியாரின் எலும்பு முறிந்தது ஏன்? 2003இல் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் ஆய்வு இதற்கு வெளிச்சம் தந்தது. முழங்கால் தேய்ந்த முதியோருக்கு எலும்பு அடர்த்தி மிகுந்திருந்தும் முறிவு குறையவில்லை, மிகுந்தே காணப்பட்டது. எலும்பு முறிவதற்கு அதன் நலிவு ஒன்றே காரணமன்று. வலியால் நடை குறைகிறது; நடை குறையத் தொடைத் தசை மெலிகிறது; தசை மெலியக் கால் தள்ளாடுகிறது; தள்ளாடியவர் விழுகிறார்.

ஆதலின் நண்பர்களே, முழங்கால் வலி வலிய எலும்புக்குச் சான்றிதழ் ஆகாது. உங்கள் இல்லத்து முதியவர் காலைப் பற்றிக்கொண்டு எழுந்தால், மருத்துவரிடம் எலும்பின் அடர்த்தியைப் பற்றியும் கேளுங்கள். தசை வலுப்பெற அவர் சொல்லும் பயிற்சிக்குத் துணை நில்லுங்கள். முற்றத்து ஈரத்தைத் துடைத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அன்று அதனைச் செய்ய ஒருவரும் எழவில்லை.