மருந்தே இல்லாமல் நோய் தீருமா? இயற்கை மருத்துவத்தின் கொள்கைகள் என்ன? மாத்திரையை நிறுத்தலாமா? - விரிவான விளக்கம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் காலையில் வாக்கிங் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். பூங்கா வாசலில் அருகம்புல் ஜூஸ், வாழைத்தண்டு ஜூஸ். கொஞ்சம் தள்ளி 'மருந்தில்லா மருத்துவம்' என்று ஒரு போர்டு. வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால், சுகருக்கு போடுற மாத்திரையை இன்னைக்கே தூக்கிப் போடுங்க என்று ஒரு வீடியோ. இதில் எது இயற்கை மருத்துவம், எது இல்லை?

சித்தாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். சித்தா, ஆயுர்வேதத்தில் சூரணம், லேகியம், பற்பம் என்று மருந்து உண்டு. இயற்கை மருத்துவத்தில் மருந்தே கிடையாது. உணவு, உண்ணாநோன்பு, தண்ணீர், மண், வெயில், மசாஜ், இவற்றோடு யோகா. அவ்வளவுதான் சிகிச்சை. வயிற்றில் ஈர மண் பட்டி போடுவார்கள். தொட்டியில் கால்களை வெளியே நீட்டி, இடுப்பும் அடிவயிறும் மட்டும் நனைய உட்காரவைப்பார்கள். அதுதான் இடுப்புக் குளியல். நீராவிக் குளியல், வாழையிலைக் குளியலும் உண்டு.

'நம்ம முன்னோர் மருத்துவம்' என்று சொல்லப்பட்டாலும், இன்றைய வடிவத்தில் இது பெருமளவு ஜெர்மனியிலிருந்து வந்தது. இடுப்புக் குளியலைப் பரப்பிய லூயி கூனே, மண் சிகிச்சையை வலியுறுத்திய அடால்ஃப் ஜஸ்ட் இருவரும் ஜெர்மானியர்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது இவர்களின் புத்தகங்களைப் படித்த காந்தி, மண் பட்டியைத் தன் மீதும் குடும்பத்தினர் மீதும் சோதித்துப் பார்த்தார். 1946-ல் புனே அருகே உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கினார். தமிழ்நாட்டில் புதுக்கோட்டையைச் சேர்ந்த கே.லட்சுமண சர்மா இதற்கு முன்னோடி. 'பிராக்டிகல் நேச்சர் க்யூர்' என்ற நூலை எழுதியவர். ரமண மகரிஷியின் சீடரான இவர்தான் 'ஹூ' என்ற புனைபெயரில் 'மகா யோகா' எழுதியவரும்.

அடிப்படைக் கொள்கை என்ன?

உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், மருத்துவர் அதற்கு வழிவிட்டால் போதும் என்பதுதான் மையம். நோய்க்குக் காரணம் உடலில் தேங்கும் கழிவு, கிருமி இரண்டாம் பட்சம் என்பது இவர்களின் வாதம். எல்லா நோய்க்கும் வேர் ஒன்றே என்றார் கூனே. காய்ச்சல், சளி எல்லாம் எதிரி அல்ல, கழிவை வெளியேற்ற உடல் எடுக்கும் முயற்சி என்பார்கள். நோயை அல்ல, நோயாளியைப் பார் என்பது இன்னொரு விதி.

அமெரிக்க இயற்கை மருத்துவர்கள் சங்கம் 1989-ல் ஏற்ற ஆறு கொள்கைகளில், தீங்கு செய்யாதே, மூல காரணத்தைத் தேடு, மருத்துவர் ஆசிரியராக இருக்க வேண்டும், வருமுன் காக்க வேண்டும் என்பவையும் அடக்கம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவருக்கு ஓயாத நெஞ்செரிச்சல். மாத்திரை போட்டால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். இயற்கை மருத்துவர் முதலில் கேட்பது தூக்கத்தை. அப்புறம் நடுராத்திரி பரோட்டாவை, வெறும் வயிற்றில் குடிக்கும் நாலு டீயை. இந்த இடத்தில் இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். பொறுமையாக உட்கார்ந்து கேட்க ஆள் கிடைப்பதே பெரிய விஷயம்தானே?

சுகர் விஷயத்திலும் இதற்கு நெருக்கமான ஆதாரம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் கடைப்பிடித்தவர்களுக்கு சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் இது நோய் வராமல் தடுப்பது பற்றிய ஆய்வு. வந்த நோயை ஜூஸ் குணப்படுத்தும் என்று அது சொல்லவில்லை.

எங்கே இடிக்கிறது?

'கிருமி இரண்டாம் பட்சம்' என்ற இடத்தில்தான். காசநோய் கிருமியால் வருவது. மாத்திரையைப் பாதியில் விட்டால் மருந்துக்கே அடங்காத காசநோயாக மாறலாம். டைப் 1 சர்க்கரை நோயில் உடம்பில் இன்சுலினே சுரப்பதில்லை. ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சுகர் மாத்திரை போட்டுக்கொண்டே பட்டினி இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். கிட்னி பாதிக்கப்பட்டவர்களுக்கு இளநீரும் பழ ஜூஸும்கூட பொட்டாசியத்தை ஏற்றிவிடும். சுரைக்காய் ஜூஸ் கசந்தால் கீழே கொட்டிவிட வேண்டும். அந்தக் கசப்பு விஷம், உயிரிழப்பு வரை போயிருக்கிறது.

2018-ல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்பட்ட இளம்பெண் ரத்தப்போக்கால் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும். இயற்கை மருத்துவம் படித்த யாரும் பார்த்த பிரசவம் அல்ல அது. ஆனால் 'இயற்கை' என்ற சொல்லின் மேல் இருந்த நம்பிக்கைதான் அங்கே விபரீதமானது.

காந்தியே 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சி வந்தபோது, புனே சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டார். இந்தத் தகவலை மட்டும் வாட்ஸ்அப் வீடியோக்கள் சொல்வதே இல்லை.

யாரிடம் போகலாம்?

இதற்கென பி.என்.ஒய்.எஸ் என்ற பட்டப்படிப்பு இருக்கிறது. நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. மூன்று மாத சர்டிபிகேட் வைத்திருப்பவர் இயற்கை மருத்துவர் ஆகிவிட மாட்டார். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். போர்டில் அப்படி எழுதியிருந்தால் உள்ளே போகாமல் இருப்பது நல்லது.

மேற்கு புறநகர்வாசிகளுக்கு அருகில் இருப்பது அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகம். அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-ம் ஆண்டு முதல் அங்கேதான் இயங்குகிறது. போகும்போது தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, சமீபத்திய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். உண்ணாநோன்போ ஜூஸ் டயட்டோ சொன்னால், மாத்திரை அளவை என்ன செய்வது என்று அங்கேயே கேளுங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.