கலங்கரை: அழைத்த விளக்கும் விலக்கிய விளக்கும்

பயணத் திட்டம் என்பதைத் தமிழன் ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்திருக்கிறான். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொருவனுக்கு எந்த வழியில் செல்லவேண்டும், இடையில் எந்த ஊர் வரும், அங்கே என்ன உண்ணக் கிடைக்கும் என்று சொல்லி ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படை. அவற்றுள் தொண்டை நாட்டுக்கு உரியது கடியலூர் உருத்திரங்கண்ணனார் இளந்திரையன்மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படை. காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும் புலவர், இடையில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைக் காட்டுகிறார். ஏணி சார்த்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடம், அதன் உச்சியில் இரவில் ஏற்றிய தீ, அதை நோக்கி வரும் மரக்கலங்கள் என்று அவர் காட்டும் காட்சி, இம்மண்டலத்தின் கலங்கரை விளக்கத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளுள் ஒன்று. நீர்ப்பெயற்று இன்றைய மாமல்லபுரமா, வேறு ஊரா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. தொண்டை நாட்டுக் கரை என்பதில் ஐயமில்லை.

சிலப்பதிகாரம் கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் விளக்குகளை வரிசைப்படுத்தும்போது ‘கலங்கரை விளக்கம்’ என்ற தொடரையே கையாளுகிறது. கரைதல் என்றால் அழைத்தல். கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கு என்பது இதன் பொருள். ஆங்கிலச் சொல் அதனை ஒரு வீடாகப் பார்க்கிறது. தமிழ்ச் சொல் அதனை ஒரு குரலாகக் கேட்கிறது. இந்தச் சொல்லை மனத்தில் இருத்திக்கொண்டு பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி ஒரு சாலைப் பயணத்தைத் திட்டமிட்டால், வரலாறு அந்தச் சொல்லோடு முரண்படும் இடம் ஒன்று தென்படும்.

பயணத்தைப் பூவிருந்தவல்லியை அடுத்த பாரிவாக்கத்திலிருந்து தொடங்கலாம். இங்கும் ஓர் ஏரி உண்டு. ஆனால் உழவுக்கு நீர் தேக்கிய ஏரிகளின் கரையில் விளக்கு இருப்பதில்லை. மதகும் மிகைநீர் வழியும் கலங்கலுமே இருக்கும். பழவேற்காடோ கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர்க் காயல்; இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. ஏரி என்ற ஒரே பெயரில் நாம் இரண்டையும் அழைக்கிறோம். பாரிவாக்கத்திலிருந்து மேற்கே சென்றால் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. அதில் வடக்கே திரும்பி, நெமிலிச்சேரி, பாடியநல்லூர் வழியாக மீஞ்சூரை அடைந்து, பொன்னேரியைக் கடந்தால், நகர நெரிசலைத் தொடாமலே பழவேற்காட்டுக்குப் போய்விடலாம். அதிகாலையில் கிளம்புவது நல்லது. பனிக்காலமாயின் பூநாரைகளையும் காணலாம்.

பழவேற்காட்டில் முதலில் பார்க்கவேண்டியது விளக்கையன்று, கல்லறைகளை. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக இவ்வூர் நெடுங்காலம் விளங்கியது. துணியும், வெடிமருந்தும், சொல்லக் கூசுகிற வகையில் அடிமைகளும் இத்துறையிலிருந்து கப்பலேறினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, கோட்டை ஏற்கெனவே இடிக்கப்பட்டிருந்தது. எஞ்சியவை டச்சுக் கல்லறைகள்; அங்கே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இன்றும் தெளிவாக உள்ளன.

கல்லறைகளிலிருந்து பாலத்தைக் கடந்தால் ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டு. அங்கேதான் கலங்கரை விளக்கம். இங்கே முதன்முதல் விளக்கு ஏற்றப்பட்ட ஆண்டு 1859. இன்று நிற்பது பிற்காலத்துக் கோபுரம். இந்த ஆண்டைக் கல்லறைகளின் ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கப்பல்கள் வந்துகொண்டிருந்த இரண்டு நூற்றாண்டுகளில் இல்லாத விளக்கு, கப்பல்கள் வருவது நின்ற பிறகு வந்திருக்கிறது! பிறகு யாருக்காக அது எரிந்தது? சென்னைக்குச் செல்லும் கப்பல்களுக்காக. பழவேற்காட்டுக்கு வெளியே கடலடியில் மணல்மேடுகள் உண்டு. வடக்கிலிருந்து வரும் கலம் கரையை ஒட்டி ஓடினால் அவற்றில் தட்டிவிடும். ‘இங்கே வராதே, விலகிப் போ’ என்று சொல்லவே விளக்கு வைத்தார்கள். கலத்தைக் கரைந்து அழைத்த விளக்கு, இங்கே கலத்தை விலக்கும் விளக்காகிவிட்டது.

ஏரியின் வட கோடியிலும் இதே கதைதான். அங்கே செல்லச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இடையிலுள்ள ஸ்ரீஹரிக்கோட்டா விண்வெளி மையத்தின் எல்லைக்குள் அனுமதியின்றி நுழைய இயலாது. ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை என்று நெடுஞ்சாலையில் சென்று கிழக்கே திரும்பினால் ஆந்திரத்தின் துர்க்கராஜபட்டினம். ஆங்கிலேயர் 1626இல் இங்கே பண்டகசாலை அமைத்தனர். உதவிய ஆறுமுக முதலியாரின் பெயரால் இதனை ஆர்மகான் என்று அழைத்ததாக மரபு கூறும். இதன் தலைவராக இருந்த பிரான்சிஸ் டே, 1639இல் சென்னைக்கான உரிமையைப் பெற்றார்; அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் இடம்பெயர்ந்தனர். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழித்து இங்கும் ஒரு கலங்கரை விளக்கம் எழுந்தது. காரணம், ஆர்மகான் மணல்மேடு. ஊர் கைவிடப்பட்டது, பெயர் மட்டும் மாலுமிகளின் வரைபடத்தில் ஓர் ஆபத்தின் பெயராக நிலைத்தது.

திரும்பும் வழியில் சென்னையையும் சேர்த்துக்கொண்டால் எதிர்ப்பக்கம் விளங்கும். 1796இல் புனித ஜார்ஜ் கோட்டையில், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் உச்சியில், தேங்காயெண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. 1844இல் இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள கல்தூண். 1894இல் உயர்நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரம். 1977இல் மெரினா. முதல் விளக்கு எரிந்தபோது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. கட்டிவந்த துறைமுகச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. இயற்கையான துறை இல்லாத ஊர் விளக்கேற்றி அழைத்தது; துறையாகவே வாழ்ந்த ஊர் விளக்கேற்றி விலக்கியது. எந்தக் கரை அழைக்கவேண்டும், எது விலக்கவேண்டும் என்பதை அலையும் மணலும் மட்டும் தீர்மானிக்கவில்லை. அதிகாரம் எங்கே குடியேறியதோ அங்கேதான் அழைக்கும் விளக்கு எரிந்தது.

ஆயினும் ஏரிக்கரை மக்கள் அந்த விளக்கைத் தமதாக்கிக்கொண்டார்கள். மணல்திட்டில் உள்ள மீனவர் குடியிருப்பின் பெயரே லைட் ஹவுஸ் குப்பம். கப்பலை அப்பால் போகச் சொன்ன விளக்கு ஓர் ஊருக்குப் பெயராகிவிட்டது. இங்குள்ள மீனவர்கள் நீர்ப்பரப்பைப் பாடு என்னும் முறையால் தமக்குள் பங்கிட்டு, முறைவைத்து மீன்பிடித்து வந்தவர்கள். மணலால் தூர்ந்துபோகும் முகத்துவாரமும் தெற்கே வளரும் துறைமுகங்களும்தாம் இன்று அவர்களுடைய கவலை. அவர்களைக் கேட்டறியாமல் திரும்பும் பயணம் வெறும் கோபுரம் பார்த்த பயணமாகவே முடியும்.

பயணம் மேற்கொள்வோருக்கு ஒரு வேண்டுகோள்: 2011 டிசம்பர் 25 அன்று இவ்வேரியில் படகு கவிழ்ந்து உல்லாசப் பயணம் வந்த 22 பேர் உயிரிழந்தனர். ஆகவே படகை நாடாமல் சாலையையே நம்புங்கள். கோபுரத்தில் ஏற அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற முடியாவிட்டாலும் குறையில்லை. மாலையில் பாலத்தின்மேல் சிறிது நேரம் நின்றால் போதும். முன்னே ஏரியும், அதற்கப்பால் மணலும் கடலும், நடுவே விளக்கும் ஒரே பார்வையில் அமையும்.