இருட்டில் மிதந்த வீடு

பிப்ரவரி 11, 1985. சோவியத் யூனியனின் 'சல்யூட் 7' விண்வெளி நிலையம் திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டது. பூமியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். ம்ஹூம்... பதிலே இல்லை!

இந்த 'வீடு' நமக்கும் தெரிந்ததுதான். முந்தைய ஆண்டு ஏப்ரலில் நம்ம ராகேஷ் சர்மா ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தது இங்கேதான். 1984 அக்டோபரில் கடைசிக் குழுவும் இறங்கிவிட்டது. ஆள் இல்லாத, விளக்கு இல்லாத, சுமார் 20 டன் எடையுள்ள பூட்டிய வீடு ஒன்று பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது!

சரி, தொலையட்டும் என்று விட்டுவிடக் கூடாதா? முடியாது. 1979-ல் அமெரிக்காவின் ஸ்கைலாப் எங்கே விழுமோ என்று நம் ஊரில்கூட மக்கள் நடுங்கியது மூத்த வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். சல்யூட்டும் ஒருநாள் அப்படித்தான் விழும். அடுத்த நிலையமான 'மிர்' வேறு இன்னும் தயாராகவில்லை. மார்ச் தொடக்கத்தில், 'சல்யூட்டின் பணி முடிந்தது' என்று வெளியே அறிவித்த சோவியத் அரசு, உள்ளுக்குள் வேறு திட்டம் போட்டது. ஆள் அனுப்பி ரிப்பேர் செய்வது!

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பீர்கள். கப்பலும் நிலையமும் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒட்டும் கணத்தில், ஒன்றையொன்று நெருங்கும் வேகம் மட்டும் நாம் நடப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் இடி! இதற்காக 'இக்லா' என்று ஒரு கருவி வைத்திருந்தார்கள். ரஷ்ய மொழியில் 'ஊசி' என்று அர்த்தம். கப்பல் ரேடியோவில் 'எங்கே இருக்கிறாய்?' என்று கேட்கும், நிலையம் பதில் சொல்லும், ஊசியில் நூல் கோத்தாற்போல் இணைந்துவிடும். ஆனால், செத்துக் கிடக்கும் நிலையம் என்ன பதில் சொல்லும்?

ஆகவே, மனிதக் கண்ணையும் கையையும் நம்பினார்கள். கமாண்டர் விளாதிமிர் ஜானிபெகோவ். நான்கு முறை விண்வெளிக்குப் போய் வந்தவர். 1982-ல் தானியங்கிக் கருவி மக்கர் செய்தபோது, இதே நிலையத்தோடு கப்பலைக் கையால் ஓட்டி இணைத்தவர். கூடவே இன்ஜினீயர் விக்டர் சவினிக். சோயூஸ் டி-13 கப்பலில் மூன்றாவது இருக்கையைக் கழற்றினார்கள். தானியங்கி இணைப்புக் கருவியையும் கழற்றிவிட்டுத் தண்ணீர், உணவை ஏற்றினார்கள்.

ஜூன் 6, பைகானூர். ராக்கெட் கிளம்பியது. ஏவுகணைகளைக் கண்காணிக்கும் ரேடார்கள் சல்யூட் இருக்குமிடத்தைக் காட்ட, இரண்டு நாள் துரத்தல். ஜூன் 8 அன்று நிலையம் கண்ணில் பட்டது. இனி எல்லாம் அந்த இருவர் கையில்! ஜானிபெகோவ் கப்பலைத் திருப்பி, ஜன்னல் வழியே பார்த்தபடி ஓட்டினார். சவினிக் கையில் லேசர் கருவியை வைத்துக்கொண்டு தூரத்தை அளந்து சொல்லிக்கொண்டே இருந்தார். 200 மீட்டரில் ஒரு நிறுத்தம். நிலையத்தைச் சுற்றிவந்து, வாசல் எங்கே என்று பார்த்து... மெல்ல, மெல்ல... தொட்டார். பூட்டிக்கொண்டது!

உள்ளே காற்று இருந்தது. ஆனால், கும்மிருட்டு. சுவரெல்லாம் உறைபனி. குளிர் எவ்வளவு? தெர்மாமீட்டரில் அந்த அளவுக்குக் கோடே இல்லை! துப்பிப் பார்த்தார்கள். சில நொடிகளில் எச்சில் உறைந்துவிட்டது. கம்பளித் தொப்பியும் தடித்த உடையுமாக, டார்ச் வெளிச்சத்தில் வேலை. மின்விசிறி ஓடாததால், விட்ட மூச்சு அங்கேயே முகத்தைச் சுற்றி நின்றது. எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே போகாது இல்லையா? விளைவு, மண்டையைப் பிளக்கும் தலைவலி. நிலையத்தின் தண்ணீரோ பனிக்கட்டி. கொண்டுபோன தண்ணீர் தீர்வதற்குள் மின்சாரம் வந்தாக வேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடித்தபோது திகைத்தார்கள். ஒரு சின்ன சென்சார்! 'பேட்டரி நிறைந்துவிட்டது' என்று அது பொய் சொல்ல, அதை நம்பிய இயந்திரம் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திக்கொண்டே இருந்தது. ரேடியோவும் செத்துவிட்டதால் பூமியிலிருந்து திருத்த வழியில்லை. பேட்டரிகள் சொட்டுச் சொட்டாகக் காலி!

எட்டு பேட்டரிகளில் ஆறு தேறின. குளிரில் மரத்த விரல்களால் ஒயர்களை முறுக்கி, சூரியத் தகடுகளை நேரடியாக பேட்டரிகளோடு இணைத்தார்கள். சோயூஸின் இன்ஜினைக் கொண்டே மொத்த நிலையத்தையும் சூரியன் பக்கம் திருப்பினார் ஜானிபெகோவ். சில நாட்களில் விளக்கு எரிந்தது. பனி உருகி ஈரமானது. கிடைத்த துணியையெல்லாம் கிழித்துத் துடைத்தார்கள். ஜூன் 23 அன்று ஆளில்லா சரக்குக் கப்பல் வந்து இணைந்தபோது, நிலையம் பழையபடி பதில் சொன்னது!

ஜானிபெகோவ் 112 நாட்களுக்குப் பின் பூமி திரும்பினார். சவினிக் நவம்பர் வரை அங்கேயே குடித்தனம். 1986-ல் இன்னொரு குழுவும் அங்கே வந்து தங்கியது. 1991-ல் சல்யூட் 7 பூமியில் விழுந்து நொறுங்கியது.

இன்று பெரும்பாலான விண்கலங்கள் தானாகவே போய் இணைகின்றன. உள்ளே இருப்பவர்கள் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும், கையால் ஓட்டி இணைக்கும் பயிற்சியை சோயூஸ் வீரர்கள் இன்றும் விடவில்லை. சென்சார் சொல்வது நிஜம்தானா என்று ஒருநாள் ஒரு மனிதன் நேரில் போய்ப் பார்க்க வேண்டிவரும் அல்லவா?