பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்னமெரிக்காவின் தனியார் நாணயத்தாள்கள்: சேகரிப்பும் வரலாறும்

நாணயவியல் வரலாற்றாய்வுக்குத் துணைபுரியும் ஒரு துறையாக நீண்டகாலமாகவே மதிக்கப்பட்டு வந்துள்ளது. மன்னர்களின் காலவரிசையை நிறுவுவதற்கும் வணிகத் தொடர்புகளை அறிவதற்கும் காசுகள் பெரிதும் உதவியுள்ளன. ஆயின் காசுக்குக் கிடைத்த இம்மதிப்பு கடதாசிப் பணத்துக்கு எளிதிற் கிட்டவில்லை. கசங்கிக் கிழிவதும், வெளியிட்ட நிறுவனம் வீழ்ந்தபின் வெறுங்கடதாசியாகி விடுவதும் அதன் இயல்பாகும். 1961 இல் சர்வதேச நாணயத்தாட் சங்கம் தோன்றியதும், 1970களில் ஜேர்மனியரான அல்பேட் பிக் என்பாரின் உழைப்பை அடிப்படையாகக் கொண்ட உலக நாணயத்தாட் பட்டியல்கள் வெளிவரத் தொடங்கியதும் இந்நிலையை ஓரளவு மாற்றின. அப்பட்டியல்களில் அரசு சாராத வெளியீடுகளுக்கெனத் தனித்தொகுதி ஒன்று ஒதுக்கப்பட்டமை, இத்தகைய தாள்கள் எத்துணைப் பெருந்தொகையாக வெளியிடப்பட்டன என்பதை உணர்த்தும். அவற்றுள் தென்னமெரிக்கத் தனியார் வங்கிகளின் தாள்கள் சிறப்பிடம் பெறுகின்றன. இவை சேகரிப்போரின் கண்ணுக்கு விருந்தளிப்பனவாக மட்டும் அமையாது, ஒரு கண்டத்தின் பொருளாதார வரலாற்றுக்குச் சான்றாகவும் விளங்குமாற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்ட தென்னமெரிக்கக் குடியரசுகள் அரசியற் சுதந்திரத்தைப் பெற்றனவேயன்றி உறுதியான நாணய அமைப்பைப் பெறவில்லை. போர்களினால் சுரங்கங்கள் சிதைந்தன. 1820களில் இலண்டனிற் பெற்ற கடன்களைப் பல அரசுகள் திருப்பிச் செலுத்த இயலாது தவித்தன. பொலிவியா 1830 முதல் வெள்ளியின் அளவைக் குறைத்து வார்த்த காசுகள் அயல் நாடுகளிலும் பரவி, நல்ல காசைப் புழக்கத்திலிருந்து விரட்டின. இந்நிலையிலேயே நூற்றாண்டின் நடுப்பகுதியில் செம்பு, குவானோ உரம், கம்பளி, கொக்கோ ஆகியவற்றின் ஏற்றுமதி பெருகியது. விளைபொருளின் மேல் முற்பணம் கொடுத்துவந்த துறைமுக வணிகர்கள் படிப்படியாக வங்கியாளராயினர். கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் காசு கொடுப்பதாக வாக்களிக்கும் தாள்களை அவர்கள் வெளியிட்டனர். இவ்வாறு வெளியிடப்படும் தாள், வங்கிக்குப் பொதுமக்கள் வழங்கும் வட்டியில்லாக் கடனே என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும். அத்தாள் எத்துணைக் காலம் வங்கிக்குத் திரும்பாது மக்களின் கையில் உலாவுகின்றதோ, அத்துணைக் காலம் வங்கிக்கு இலாபமாகும்.

இம்முறைக்குத் தெளிவான சட்டவடிவம் கொடுத்த நாடு சிலி. 1855 இல் அங்கு வந்துசேர்ந்து சிலிப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த பிரெஞ்சு அறிஞர் கூர்செல் செனோய், கட்டற்ற வங்கித்தொழிலை ஆதரித்தவர். அவரது சிந்தனையின் செல்வாக்கினால் 1860 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் உருவாயிற்று. இச்சட்டத்தின்படி தகுதியுடைய எவரும் தாள் வெளியிடும் வங்கியை நிறுவலாம். வெளியீடு வங்கியின் முதலின் ஒன்றரை மடங்கை மீறலாகாது என்பதே முதன்மையான கட்டுப்பாடாக இருந்தது. வல்பரைசோவிலும் சந்தியாகோவிலும் வங்கிகள் பெருகின. செம்பு வணிகத்திற் பெருஞ்செல்வம் ஈட்டிய எட்வேட்ஸ் குடும்பம் தன் பெயரிலேயே வங்கி நடத்தித் தாள் வெளியிட்டது. சுரங்கம், நிலம், வங்கி, சட்டமன்றம் ஆகிய நான்கும் ஒரே சிறு குழுவினரின் கைகளில் இணைந்திருந்த நிலையை இக்காலத்துச் சிலியிற் காணலாம்.

இவ்விணைப்பின் விளைவு 1878 இல் வெளிப்பட்டது. செம்பின் விலை வீழ்ச்சியுற்றது, விளைச்சலும் பொய்த்தது, பொன்னும் வெள்ளியும் நாட்டைவிட்டு வெளியேறின. முன்னணி வங்கிகள் தமது தாள்களுக்குக் காசு கொடுக்க இயலாத நிலையை நெருங்கியபோது, சனாதிபதி அனிபல் பின்ரோவின் அரசு அவ்வாண்டு யூலையில், வங்கிகள் காசு கொடுக்கவேண்டியதில்லை எனச் சட்டமியற்றியது. வாக்குறுதி தாளில் அப்படியே அச்சாகியிருக்க, அதனை நிறைவேற்றும் கடப்பாடு மட்டும் நீக்கப்பட்டது. 1870களின் தொடக்கத்தில் நாற்பது பென்சுக்கு மேல் மதிக்கப்பட்ட பெசோ, பொன் மாற்றை மீளக் கொண்டுவந்த 1895 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினெட்டுப் பென்சாகவே நிர்ணயிக்கப்பட்டது. ஏற்றுமதியாளர் தம் பொருளுக்குப் பவுண் பெற்றனர். தொழிலாளரோ மதிப்புக் குன்றிய தாளையே கூலியாகப் பெற்றனர். கடன்பட்ட நிலவுடைமையாளரின் சுமையும் இதனாற் குறைந்தது. 1895 ஆம் ஆண்டின் முயற்சியும் நிலைக்கவில்லை. 1898 இல் மீண்டும் மாற்று நிறுத்தப்பட்டபோது தனியார் வங்கிகளின் வெளியீட்டை அரசே பொறுப்பேற்றது. வங்கிகளின் பழைய தாள்கள்மீது ‘அரச வெளியீடு’ எனப் பொருள்படும் ஸ்பானியச் சொற்கள் மேலச்சிடப்பட்டன. சேகரிப்போர் விரும்பித் தேடும் அத்தாள்களில், தனியாரின் கடன் பொதுமக்களின் கடனாக மாறிய தருணம் மையினாற் பதிவாகியுள்ளது.

உருகுவேயின் அனுபவம் வேறொரு கோணத்தைக் காட்டுகின்றது. 1857 இல் மொன்ரேவிடியோவில் வணிக வங்கியும் மவுவா வங்கியும் தோன்றின. பின்னதை நிறுவியவர் பிறேசிலின் மவுவா பிரபு எனப்பட்ட இரினேயு எவாஞ்செலிஸ்ற்றா டி சௌசா. ஏழ்மையிலிருந்து எழுந்து இருப்புப்பாதை, கப்பல் கட்டுந்தளம், எரிவாயு விளக்கு எனப் பல துறைகளிற் கால்பதித்த இவர், தென்னமெரிக்க முதலாளித்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராவர். பரகுவேப் போர் நடைபெற்ற 1864 முதல் 1870 வரையிலான காலத்திற் படைகளுக்கான வழங்கல் மையமாக மொன்ரேவிடியோ செழித்தது; தாள் வெளியீடும் பெருகியது. தாளுக்குக் காசு கொடுக்கும் கடமை இடைநிறுத்தப்பட்டபோது, தாட்பணத்தை ஆதரிப்போரும் பொன்னை ஆதரிப்போரும் எனச் சமூகமே இருபிரிவாயிற்று. பொன்னையே வேண்டிய பெருவணிகரின் கை ஓங்க, 1868-69 நெருக்கடியில் வங்கிகள் பல வீழ்ந்தன. மவுவாவின் வங்கியும் கதவடைத்துப் பின்னர் மீண்டது. எனினும் 1878 இல் அவர் முறிவடைந்தவராக அறிவிக்கப்பட்டார். அவரது வங்கியின் தாள்கள் இன்றும் சேகரிப்புகளிற் காணப்படுகின்றன. அவற்றுட் பல கையொப்பமிடப்படாதவை என்பது கவனிக்கத்தக்கது.

பேருவில் தாள் வெளியிடும் உரிமை வங்கிகளையும் கடந்து சென்றது. லீமாவின் வங்கிகள் குவானோ வருமானத்தையும் அரசுக்கு வழங்கிய கடன்களையும் நம்பி வளர்ந்தவை. குவானோ வருமானம் தளர்ந்ததும் 1875 இல் தாளுக்குக் காசு கொடுப்பது நின்றது. அடுத்த ஆண்டு, அந்தீஸ் மலைமேல் இருப்புப்பாதை அமைத்துவந்த ஐக்கிய அமெரிக்கரான ஹென்றி மெய்க்சின் பொதுவேலைக் கொம்பனி தன் பெயரிலேயே தாள் வெளியிட்டது. சீனத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொணரப்பட்டோர் பலரும் அவரது பாதையில் உழைத்து மாண்டனர். 1877 இல் மெய்க்ஸ் இறந்தபோது பாதை முற்றுப்பெறவில்லை. அது லா ஒரோயாவை 1893 இலேயே எட்டியது. இன்னும் அமைக்கப்படாத பாதையின் பெயரால் அச்சிடப்பட்ட பணம் என அத்தாள்களைக் கூறலாம்.

ஆர்ஜென்ரீனாவின் என்ரே ரியோஸ் மாகாணத்துக் குவாலெகுவாய்ச்சு என்னும் சிற்றூரில், ஒக்சந்தபுரு - கார்பினோ வங்கி 1869 ஆம் ஆண்டுக்குரிய தாள்களைப் பொலிவிய வெள்ளிக் காசின் அளவையில் வெளியிட்டது. ஆர்ஜென்ரீன ஊரொன்றின் வங்கி அயல்நாட்டுக் காசைத் தன் தாளிற் குறித்தமை, அரசியல் எல்லையும் நாணய எல்லையும் அக்காலத்தில் ஒன்றாக இருக்கவில்லை என்பதற்குச் சிறந்த சான்றாகும். எழுத்தாவணம் ஒன்று பல பக்கங்களிற் சொல்வதை ஒரு தாள் ஒரு சொல்லிற் சொல்லிவிடுகின்றது. பின்னர் 1887 ஆம் ஆண்டுச் சட்டம் வங்கி வெளியீட்டை அரச கடன்முறிகளுடன் பிணைத்தது. அதற்கு வேண்டிய பொன்னை மாகாணங்கள் ஐரோப்பாவிற் கடன்பெற்றே திரட்டின. 1890 இல் சனாதிபதி ஹுவாரெஸ் செல்மன் பதவி துறந்ததும், அவ்வாண்டு இறுதியில் இலண்டனின் பேரிங் நிறுவனம் தள்ளாடியதும் அக்கடன் பெருக்கத்தின் விளைவுகளே.

கொலம்பியாவில் 1865 முதல் இருபது ஆண்டுகள்வரை கட்டற்ற வங்கிமுறை நிலவியது. ஈக்குவடோரில் இம்முறை மிகநீண்ட காலம் நின்றது. குவாயாகில் துறைமுகத்துக் கொக்கோ வணிகரின் பலத்தில் 1895 இல் எழுந்த வணிக - வேளாண்மை வங்கி, அரசுக்கே கடன் கொடுத்து அரசையே ஆட்டுவிக்கும் நிலையை அடைந்தது. 1914 இல் அதன் தாள்களுக்கும் பொன் மறுக்கப்பட்டது. 1925 யூலையில் இளம் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கைப்பற்றியமைக்கு இவ்வங்கியின்மீதான வெறுப்பு ஒரு முக்கிய காரணமாகும். 1927 இல் மத்திய வங்கி நிறுவப்பட்டதோடு தனியார் தாள்களின் காலம் அங்கு முடிவுற்றது.

இத்தாள்களின் தோற்றத்தை நோக்குமிடத்து வேறோர் உண்மை புலனாகும். இவற்றுட் பெரும்பாலானவை தென்னமெரிக்காவில் அச்சிடப்பட்டவையல்ல. நியூயோர்க்கில் 1858 இல் பல நிறுவனங்கள் ஒன்றிணைந்து உருவான அமெரிக்க நாணயத்தாட் கொம்பனியும், இலண்டனின் பிராட்பரி வில்கின்சன், வோட்டர்லோ முதலிய நிறுவனங்களும் இவற்றை உருக்குத் தகட்டிற் செதுக்கி அச்சிட்டன. ஐக்கிய அமெரிக்காவில் மாநில வங்கிகளின் தாள்கள்மீது 1860களில் விதிக்கப்பட்ட கடும்வரி அவற்றை ஒழித்துவிடவே, நியூயோர்க் அச்சகத்தாருக்கு அயல்நாட்டுச் சந்தை மேலும் முக்கியமாயிற்று. முன்னரே செதுக்கி வைத்திருந்த படங்களை அவர்கள் வெவ்வேறு நாட்டு வங்கிகளுக்கும் வழங்கினர். ஒரே கன்னிப்பெண்ணின் உருவமோ ஒரே நாயின் தலையோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள இரு வங்கிகளின் தாள்களில் இடம்பெறுவதை இதனால் விளங்கிக்கொள்ளலாம். மூலப்பொருளை ஏற்றுமதி செய்து, அதன் பெறுமதியைக் குறிக்கும் தாளையும் இறக்குமதி செய்த பொருளாதாரத்தின் சார்புநிலையை இது தெளிவுறுத்துகின்றது.

இனி, சேகரிப்பு என்பதற்கு வருவோம். புழங்கிய தாள், கையொப்பமும் இலக்கமும் இடப்படாது எஞ்சிய தாள், அச்சகத்தார் துளையிட்டுவைத்த மாதிரித்தாள், சோதனை அச்சு எனச் சேகரிப்போர் இவற்றை வகைப்படுத்துவர். 1990 இல் அமெரிக்க நாணயத்தாட் கொம்பனியின் பழைய சேமிப்புகள் நியூயோர்க்கில் ஏலமிடப்பட்டபோது மாதிரித்தாள்கள் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. மடிப்பும் அழுக்கும் அற்ற இத்தாள்களையே சந்தை உயர்வாக மதிக்கின்றது. ஆனால் வரலாற்று மாணவனுக்கு இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. வாக்கைக் காப்பாற்றிய வங்கி தன் தாள்களைத் திரும்பப் பெற்று அழித்தது. ஆதலால் அதன் தாள்கள் அரிதாகின. முறிந்த வங்கியின் தாள்களோ கொடுபடாத கடனாகப் பெட்டிகளில் எஞ்சின. மேலும், எவர் கையையும் அடையாத தாள் அழகாக எஞ்ச, ஆயிரம் கைகளிற் புழங்கிய தாள் அழிந்தது. ஆகவே சேகரிப்பாளரின் தொகுப்பேடு அக்காலப் புழக்கத்தின் நேர்ப்பிரதி ஆகாது. அதனைத் தலைகீழாகவே பல வேளைகளிற் காட்டுகின்றது. அழகுக்காகத் தாளைக் கழுவி அழுத்துவோர், பயன்படுத்தியோரின் தடயத்தையும் உடன் கழுவிவிடுகின்றனர்.

எளிய மக்களின் பணம் பலவேளைகளில் இத்தொகுப்பேடுகளுக்கு வெளியிலேயே நிற்கின்றது. வடசிலியின் வெடியுப்புச் சுரங்கங்களில் உழைத்தோர் வங்கித்தாளைக்கூடப் பெறாது, கொம்பனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகளைக் கூலியாகப் பெற்றனர். 1907 டிசெம்பரில் இக்கிக் நகரின் சாந்தா மரியா பாடசாலையிற் கூடியிருந்த தொழிலாளர்மீது இராணுவம் சுட்டது. அவர்கள் முன்வைத்திருந்த கோரிக்கைகளுள் ஒன்று, அவ்வில்லைகளை முழு மதிப்பில் மாற்றித் தரவேண்டும் என்பதாகும்.

எனவே தனியார் நாணயத்தாளைச் சேகரிப்போர் அதன் அருமையையும் அழகையும் மட்டும் கணிப்பது போதாது. யார் வாக்களித்தார், யார் அதனை நம்பினார், வாக்கு முறிந்தபோது யாருடைய கையில் அத்தாள் இருந்தது என்னும் மூன்று வினாக்களும் ஒவ்வொரு தாளின்மீதும் எழுப்பப்படவேண்டும். முதல் வினாவுக்கான விடை தாளின் முகத்தில் அச்சாகியுள்ளது. ஏனைய இரண்டுக்கும் விடை காண்பதே வரலாற்று மாணவரின் பணியாகும்.