இருபத்தெட்டும் மூன்றும்

சென்னை மாநிலத் தேர்தல் வரலாற்றில் 1967ஆம் ஆண்டை ஆட்சி மாறிய ஆண்டென்றே பலரும் நினைவுகூர்வர். நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை அவ்வாண்டிற்கு வேறொரு சிறப்பும் உண்டு. அதனை உணர இருபத்தோராண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1946ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பெற்றது. காயிதே மில்லத் இஸ்மாயீல் ஸாஹிப் அவர்கள் எதிர்க்கட்சித் தலைவராய் அமர்ந்தார்கள். அன்று தனித்தொகுதி முறை நிலவியது. முஸ்லிம் தொகுதியில் முஸ்லிம்களே வாக்களித்தனர். அவர்களுள்ளும் சொத்தோ கல்வியோ உடையவர்க்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்தது. நம் வேட்பாளர் அடுத்த தெரு இந்துச் சகோதரரின் வாசலில் நின்று வாக்குக் கேட்க வேண்டியதில்லை. அவருடைய வேட்பாளரும் நம் வாசலை மிதிக்க வேண்டியதில்லை.

நாடு விடுதலை பெற்றபின் நிலை மாறியது. லீக்கைக் கலைத்துவிட வேண்டுமென்ற குரல்களுக்கிடையே, 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னையில் கூடியோர் அதனைத் தொடர்ந்து நடத்தத் துணிந்தனர். 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் அவர்கள் தனித்தொகுதிக்காக வாதாடினார்கள். சபை அதனை ஏற்கவில்லை. இனி அனைவர்க்கும் ஒரே வாக்காளர் பட்டியல் என்றாயிற்று.

முதல் பொதுத்தேர்தலான 1952இல், 375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் லீக்கிற்குக் கிடைத்தவை 5. அவையும் மலபார்ப் பகுதியைச் சேர்ந்தவை. 1956இல் மலபார் கேரளத்துடன் இணைந்தது. 1962இல் இம்மாநிலத்தில் லீக்கிற்கு ஓரிடமும் கிட்டவில்லை. சிதறி வாழும் சிறுபான்மையினர் பொதுத்தொகுதியில் கரைந்துபோவர் என்ற அச்சம் மெய்யாகிவிட்டது போலத் தோன்றியது.

இந்நிலையில்தான் 1967 பிப்ரவரித் தேர்தல் வந்தது. அரிசிப் பஞ்சமும் விலையேற்றமும் மக்களை வாட்டின. 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் வடுவும் ஆறவில்லை. அறிஞர் அண்ணாவின் தி.மு. கழகம், இராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுகள், சோஷலிஸ்டுக் கட்சிகள் ஆகியவற்றுடன் முஸ்லிம் லீக்கும் ஓரணியில் நின்றது. கொள்கையால் ஒருவர்க்கொருவர் தூரமானவர்கள்தாம். ஆயினும் காங்கிரஸ் எதிர்ப்பு வாக்கு சிதறலாகாது என்பதில் அவர்கள் ஒன்றுபட்டனர். தந்தை பெரியாரோ காமராசரை ஆதரித்து எதிரணியில் நின்றார்.

முடிவு வியப்பளித்தது. 234 இடங்களுள் கழகம் 137 பெற்றது. காங்கிரஸ் 51ஆகச் சுருங்கியது. ஆனால் வாக்குகளை எண்ணிப் பார்த்தால் காங்கிரஸ் நூற்றுக்கு 41.10, கழகம் 40.69! கூடுதல் வாக்குப் பெற்ற கட்சி ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராசரே 1,285 வாக்குகளில் தோற்றார். இத்தகைய போட்டியில் ஒரு தொகுதிக்கு ஓராயிரம் வாக்குகளே உடைய சமுதாயமும் தராசின் முள்ளை அசைக்க வல்லது. தனித்தொகுதி நமக்கு இடங்களைத் தந்தது; இந்த வலிமையை அது தந்ததில்லை.

அத்தேர்தலில் லீக்கின் சார்பில் மூவர் வென்றனர். 28 எங்கே, 3 எங்கே என வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தை நாம் எள்ளி நகையாடோம். நமக்கென ஒரு குரல் வேண்டுமென்ற காயிதே மில்லத் அவர்களின் கவலையில் நியாயம் இருந்தது. பிறர் தயவில் கிடைக்கும் இடம் பிறர் மனம் மாறினால் போய்விடும் என்பதும் உண்மையே. எனினும் இருபத்தெட்டும் நம்மவர் மட்டுமே அளித்தவை. இம்மூன்றில் அண்டை வீட்டாரின் வாக்கும் கலந்திருந்தது. அன்று சொத்திலார்க்கு இல்லாதிருந்த உரிமை, 1967இல் இருபத்தொரு வயது நிரம்பிய நம் தாய்மார்க்கும் உழைப்பாளர்க்கும் இருந்தது.

தாம் கோரியது மறுக்கப்பட்டபோது காயிதே மில்லத் அவர்கள் ஒதுங்கிவிடவில்லை. கிடைத்த முறைக்குள்ளேயே வழி தேடினார்கள். அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சார்ந்த நாம், அவ்வீட்டாரின் நம்பிக்கையைத் தேர்தல் காலத்தில் மட்டும் தேடுவோமாயின் அது நிலைக்காது. ஆண்டு முழுவதும் அவர்களுடைய நன்மை தீமைகளில் பங்கு கொள்வோமாக. இருபத்தெட்டின் மதிப்பையும் மூன்றின் மதிப்பையும் ஒருங்கே அறிந்த சமுதாயமே தன் வாக்கின் விலையை அறியும்.