டென்னிஸில் வெற்றியைத் தீர்மானிப்பது எது? சாதாரணப் புள்ளியின் மதிப்பு குறித்து

2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசிய ரோஜர் ஃபெடரர், தம் ஆட்ட வாழ்வை இரண்டு எண்களில் அடக்கினார். அவர் ஆடிய ஒற்றையர் போட்டிகள் 1,526; அவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் வென்றார். ஆனால் அந்தப் போட்டிகளில் ஆடிய புள்ளிகளில் அவர் வென்றவை 54 விழுக்காடு மட்டுமே. பாதிக்குச் சற்றே மேற்பட்ட புள்ளிகள் ஐந்தில் நான்கு வெற்றிகளாக மாறுவது எப்படி என்பதை விளக்காத எந்த உத்தியும் அரைகுறையானது.

நெருக்கடியான புள்ளிகளில் தன் ஆட்டத்தை உயர்த்திக்கொள்பவரே வெல்கிறார் என்பது பரவலான நம்பிக்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. சாதாரணப் புள்ளிகளில் நூற்றுக்கு நான்கைந்தைக் கூடுதலாக ஈட்டுவதும், அந்தத் தரம் நெருக்கடியில் சரியாமல் காப்பதுமே வெற்றிகளைப் பெருக்கும் வழி என்பது இதன் வாதம்.

எண்ணும் முறை செய்யும் பெருக்கம்

புள்ளிகள் கேமாகவும், கேம்கள் செட்டாகவும், செட்டுகள் போட்டியாகவும் திரள்கின்றன. ஒவ்வொரு படியிலும் சிறு மேன்மை பெரிதாகிறது. ஒரு புள்ளியின் முடிவு அடுத்ததைப் பாதிப்பதில்லை என்று கொண்டு கணக்கிட்டால், தம் சர்வில் நூற்றுக்கு 60 புள்ளிகளை வெல்பவர் தம் சர்வ் கேம்களில் 74 விழுக்காட்டைக் காத்துக்கொள்வார். அதே ஆட்டக்காரர் 65 புள்ளிகளை வென்றால் அது 83 விழுக்காடாக உயரும். அதாவது, எதிராளியிடம் பறிகொடுக்கும் கேம்கள் நூற்றுக்கு 26இலிருந்து 17ஆகக் குறையும். ஐந்து புள்ளிகளின் உயர்வு, இழப்பில் மூன்றில் ஒரு பங்கை நீக்கிவிடுகிறது.

அந்த ஐந்து புள்ளிகள் எங்கே உள்ளன?

பெரும்பாலோர் முதல் சர்வின் வேகத்தில் தேடுகிறார்கள். இரண்டாம் சர்வில் தேடுவதே மேல். முதல் சர்வில் 60 விழுக்காடு கட்டத்துக்குள் விழ, விழுந்தவற்றில் 70 விழுக்காட்டையும் இரண்டாம் சர்வில் 45 விழுக்காட்டையும் வெல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய மொத்தம் நூற்றுக்கு 60. இரண்டாம் சர்வில் 55ஐ எட்டினால் மொத்தம் 64 ஆகும். அதே 64ஐ முதல் சர்வின் வலிமையால் மட்டும் அடைய, 70ஐ ஏறத்தாழ 77ஆக உயர்த்த வேண்டும். நன்றாக ஆடுகிற இடத்தில் மேலும் ஏழு கூட்டுவதைவிட, டபுள் ஃபால்ட்டாலும் நடுக்கட்டத்தில் குட்டையாக விழும் பந்தாலும் இழப்பதை மீட்பது எளிது.

இரண்டாம் சர்வையும் முதல் சர்வைப் போலவே ஓங்கி அடிப்பது இதற்குத் தீர்வாகாது. அது 60 விழுக்காடு உள்ளே விழுந்து, விழுந்ததில் 70 விழுக்காடு வென்றாலும் கிடைப்பது 42. பழைய 45க்கும் குறைவு. சுழற்சி மிகுந்து, ஆழமாக, எதிராளியின் உடலை நோக்கியோ பலவீனமான பக்கத்திலோ விழும் சர்வே தேவை. சர்வை எதிர்கொள்ளும்போதும் இதே கணக்குத்தான்: நேரடிப் புள்ளிக்கு ஆசைப்படாமல் பந்தை நடுவாகவும் ஆழமாகவும் திருப்புபவர், ஒவ்வொரு புள்ளியையும் முதலில் ஆடத்தக்கதாக்கிக்கொள்கிறார்.

திசையும் கணக்கில் சேரும். மார்க் வாக்கரும் ஜான் வூடர்சும் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்னணி ஆட்டக்காரர்கள் இடப்பக்கம் சர்வ் செய்தாலும் வலப்பக்கம் செய்தாலும் வெற்றி விகிதம் ஏறக்குறைய ஒன்றே. எந்தப் பக்கமும் கூடுதல் லாபம் தராத அளவுக்கு அவர்கள் திசைகளைக் கலக்கிறார்கள். ஆனாலும், தற்செயலாக அமைவதைவிட அடிக்கடி அவர்கள் பக்கம் மாற்றுவதையும் அந்த ஆய்வு கண்டது. கவனிக்கும் எதிராளிக்கு அது ஒரு வாய்ப்பு.

எதிராளிக்கேற்ற சாதாரணப் புள்ளி

சாதாரணப் புள்ளியை எதிராளிக்கேற்ப அமைத்துக்கொள்வதற்கு, 1975 விம்பிள்டன் இறுதியில் ஆர்தர் ஆஷ் செய்தது சிறந்த சான்று. நடப்புச் சாம்பியன் ஜிம்மி கானர்ஸ், வேகமான பந்தை அதே வேகத்தில் திருப்பியடித்து வாழ்ந்தவர். தம் இயல்பான வேக ஆட்டத்தை ஆஷ் கைவிட்டார். கானர்ஸின் ஃபோர்ஹேண்டுக்கு வேகமற்ற தாழ்ந்த பந்துகள், இரு கை பேக்ஹேண்டை அகல இழுக்கும் சர்வ், தலைக்கு மேலே லாப் எனத் தொடக்கத்திலிருந்தே ஆடி 6-1, 6-1, 5-7, 6-4 என வென்றார். அந்தத் திட்டம் சில பெரிய புள்ளிகளுக்காகப் பதுக்கி வைக்கப்பட்டதன்று. கானர்ஸின் ஒவ்வொரு சாதாரணப் புள்ளியையும் கடினமாக்கியது. வலிமையான சர்வ் இல்லாமலே, கைநயத்தாலும் இடமறிந்து பந்தை வைப்பதாலும் 1960, 1961 ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற ராமநாதன் கிருஷ்ணனின் ஆட்டமும் இவ்வகையிலேயே மதிக்கத்தக்கது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 புள்ளிகள் வென்றார், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது. ஐந்தாம் செட்டில் 8-7 என முன்னிலையில் இருந்தபோது, ஃபெடரர் தம் சர்வில் இரண்டு வெற்றிப் புள்ளிகளைத் தவறவிட்டார். பெரிய புள்ளிகளே எல்லாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம்.

புள்ளிகளின் எடை சமமன்று என்பதை இது காட்டுகிறது. 6-1 என ஒரு செட்டில் குவித்த உபரி அடுத்த செட்டுக்கு வராது. ஆனால் எடை மிகுந்த புள்ளியை எப்படி ஆடுவது என்பது வேறு கேள்வி. ஜோகோவிச் வென்ற மூன்று செட்டுகளும் டைபிரேக்கில் முடிந்தவை. அந்த மூன்று டைபிரேக்கிலும் அவர் தாமாக ஒரு பிழைகூடச் செய்யவில்லை. அவர் செய்தது அசாதாரணமான அடிகளை அடித்ததன்று, தம் வழக்கமான தரத்தைக் காத்தது. ஃபிராங்க் கிளாசனும் யான் மாக்னுஸும் 1992 முதல் 1995 வரையிலான விம்பிள்டனின் ஏறத்தாழ 90,000 புள்ளிகளை ஆராய்ந்தபோது, முக்கியமான புள்ளிகளில் சர்வ் செய்பவரின் வெற்றி வாய்ப்பு சற்றுக் குறைவதைக் கண்டனர். தரவரிசையில் உயர்ந்த ஆட்டக்காரரிடம் இத்தகைய விலகல்கள் சிறியவை. உயர்ந்த ஆட்டக்காரரின் அடையாளம் மாறாமைதான்.

முடிவு

எனவே பயிற்சியின் அளவுகோல் மாற வேண்டும். இளம் ஆட்டக்காரரிடம் எத்தனை ஏஸ் அடித்தாய் என்று கேட்பதைவிட, இரண்டாம் சர்வில் எத்தனை புள்ளி வென்றாய், எத்தனை சர்வை உள்ளே திருப்பினாய், 30-30இல் உன் தேர்வு 15-0இல் இருந்ததுபோலவே இருந்ததா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் இம்மூன்றையும் குறித்துவைப்பதற்குப் பெரிய கருவிகளோ பெரும் பணமோ தேவையில்லை. புள்ளிகளில் பாதிக்குச் சற்றே குறைவாக ஃபெடரரே இழந்தார் என்பதை உணர்ந்த ஆட்டக்காரர், இழந்த புள்ளியை மறந்து அடுத்ததைத் தம் முறைப்படி ஆடக் கற்றுக்கொள்வார். அந்தப் பழக்கமே காலப்போக்கில் வெற்றிகளாகத் திரளும்.